ஜூன் மாதத்தில் வேண்டிய பணம்: சென்னையில் க்யூ.எஸ். மாணவர்களுக்கான ஒரு நினைவு அறக்கட்டளை குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் பேசப்படும் அறக்கட்டளை சென்னையில் இயங்குவது. கட்டடத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அளவெடுப்பதையும் பில் தயாரிப்பதையுமே, அதாவது க்யூ.எஸ். எனப்படும் குவான்டிட்டி சர்வேயையே, தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரின் நினைவாக, அவருடைய மனைவியும் அவரிடம் தொழில் கற்ற எங்களில் சிலரும் சேர்ந்து அதைத் தொடங்கினோம். நான் அதன் அறங்காவலர்களில் ஒருவன் என்பதால் இதை வெளியாள் ஒருவரின் மதிப்பீடாகக் கொள்ள முடியாது. குடும்பத்தாரின் விருப்பப்படி அவருடைய பெயரும் மாணவர்களின் பெயர்களும் இங்கே இடம்பெறவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் நல்லெண்ணத்தோடு கொடுத்த பணம் ஏன் அரைகுறைப் பயனே தந்தது, மூன்றாம் ஆண்டில் அதே தொகையைக் கொண்டு எதை மாற்றினோம், அந்த மாற்றத்திலும் எங்கே தவறினோம் என்பவற்றை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கிறேன்.

தொழிலும் அதன் பெயரும்

ஒரு கட்டடத்தில் எவ்வளவு மண் தோண்டப்பட்டது, எத்தனை கனமீட்டர் கான்கிரீட் விழுந்தது, எத்தனை டன் கம்பி கட்டப்பட்டது, எத்தனை சதுர மீட்டர் பூச்சு முடிந்தது என்று இனம் இனமாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் உள்ள விலையைப் பெருக்கி, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் தொழிலே குவான்டிட்டி சர்வே. வேலை தொடங்குவதற்கு முன் மதிப்பீடும் அளவுப் பட்டியலும் தயாரிப்பதிலிருந்து, வேலை முடிந்தபின் இறுதி பில்லில் வரும் தகராறுகளைத் தீர்ப்பது வரை இத்தொழில் நீள்கிறது. இலங்கைத் தமிழர்கள் இதைச் செய்பவரைக் கணிய அளவையாளர் என்கிறார்கள். சென்னையில் அப்படி நிலைத்த ஒரு தமிழ்ப் பெயர் இல்லை. அலுவலகத்தில் க்யூ.எஸ். என்பார்கள், சைட்டில் பில்லிங் இன்ஜினியர் என்பார்கள், பொதுப்பணித் துறையின் பழைய வழக்கத்தில் எம் புக் (அளவுகளைப் பதியும் மெஷர்மென்ட் புக்) எழுதுபவர் என்றாலே போதும்.

பெயர் நிலைக்காததால் எங்களுக்கு முதல் ஆண்டிலேயே சிக்கல் வந்தது. அறிவிப்பில் 'சர்வே பயிலும் மாணவர்களுக்கு' என்று எழுதியிருந்தோம். வந்த விண்ணப்பங்களில் ஒரு பகுதி நில அளவை படிப்பவர்களுடையது. அவர்களைக் குறை சொல்ல இயலாது. கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கமே 1794இல் ஏற்பட்ட நில அளவைப் பள்ளிதான். சர்வே என்றால் நிலம் அளக்கும் சங்கிலியும் கோணம் அளக்கும் தியோடலைட்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேரூன்றியிருக்கிறது. அடுத்த அறிவிப்பில் 'கட்டட வேலைகளின் அளவெடுப்பு, மதிப்பீடு, பில் தயாரிப்பு ஆகியவற்றைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் சிவில் மாணவர்கள்' என்று விரித்து எழுதிய பிறகே உரிய விண்ணப்பங்கள் வந்தன.

இப்படி விரித்து எழுத வேண்டியிருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் பெரும்பாலான மாணவர்கள் க்யூ.எஸ். என்ற பெயரில் பட்டம் படிப்பதில்லை. சிவில் டிப்ளமோவிலோ பி.இ. சிவிலிலோ மதிப்பீடும் செலவும் என்று ஒரே ஒரு பாடம் வருகிறது. அதில் ஆர்வம் கொண்டவர்கள் படிப்பை முடித்தபின் தனியார் நிலையங்களில் சில மாதப் பயிற்சி பெறுகிறார்கள், அல்லது யாராவது ஒரு மூத்தவரின் பின்னால் நடந்து கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இத்தொழிலுக்கு உதவித்தொகை என்றால், ஒரு படிப்பின் பெயரைப் பார்த்துக் கொடுக்க முடியாது; படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில மாதங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதை நாங்கள் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின.

அறக்கட்டளையின் அமைப்பு

மூலநிதி 25 லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதி மறைந்தவருடைய பணிக்கொடையிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் அவருடைய மனைவி கொடுத்தது. மீதி எங்கள் பங்கு. அறக்கட்டளைப் பத்திரத்தை எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். பின்னர் வருமான வரித் துறையில் விலக்குக்கான பதிவும், நன்கொடையாளர்களுக்கு வரிச் சலுகை கிடைப்பதற்கான 80ஜி அங்கீகாரமும் பெற்றோம். ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் அறச் செயலுக்குச் செலவிட வேண்டும் என்ற விதி எங்கள் கணக்கு முழுவதற்கும் அடிப்படை. வைப்புத்தொகையிலிருந்து ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் வட்டி வந்தது. ஆக, 1,48,750 ரூபாயாவது செலவாகியே தீர வேண்டும்.

பத்திரம் எழுதும்போது இரண்டு இடங்களில் தயங்கி நின்றோம். உறவினர் ஒருவர், உதவி 'நம்மவர்' பிள்ளைகளுக்கு முதலில் போகட்டும் என்று கேட்டார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தொடங்கப்பட்ட அறநிறுவனம், ஒரு குறிப்பிட்ட சாதியாரின் அல்லது மதத்தாரின் நன்மைக்கென்று எழுதப்பட்டால் வரி விலக்கை இழக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென்று எழுதுவதற்கு மட்டும் தடையில்லை. சட்டத்தைக் காட்டித்தான் அவரைச் சமாதானப்படுத்தினோம் என்றாலும், சட்டம் அப்படி இல்லாதிருந்தாலும் நாங்கள் அதற்கு உடன்பட்டிருக்க மாட்டோம். மறைந்தவர் தன்னிடம் தொழில் கேட்டு வந்த எவரிடமும் ஊரும் உறவும் விசாரித்ததில்லை. இரண்டாவது, அறங்காவலர்களின் உறவினருக்கு உதவி கிடையாது என்ற விதி. அதுவும் சட்டம் வற்புறுத்துவதே. என் அண்ணன் மகன் அப்போது சிவில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விண்ணப்பப் படிவமே தரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த பணம் வேறு விதமான பாடமாக அமைந்தது. மறைந்தவரிடம் தொழில் கற்ற பலர் துபாயிலும் தோகாவிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமையை வைத்திருக்கும் ஒருவர் அங்கே சம்பாதித்த பணத்தை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதைப் பெற 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். எங்களிடம் அது இல்லை. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட ஒருவர், தன் முதல் சம்பளத்தை வாங்கித் தந்தவர் என்று சொல்லி அனுப்ப முன்வந்த தொகையை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அவர் வருந்தினார். பிறகு அவர் பணத்துக்குப் பதிலாகத் தன் நேரத்தைக் கொடுத்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள்

தொடக்கத்தில் வைத்த விதி எளிமையானது. மதிப்பெண் 75 விழுக்காட்டுக்கு மேல், குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள், ஆளுக்கு 10,000 ரூபாய், 17 மாணவர்கள், மொத்தம் 1,70,000. யாருடைய நினைவாக அறக்கட்டளையைத் தொடங்கினோமோ அவர் மறைந்தது தை மாதம். ஆகவே ஜனவரியில், அவருடைய நினைவு நாளில், மயிலாப்பூரில் ஒரு சிறு அரங்கில் படத்துக்கு மாலையிட்டு, மாணவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக் காசோலை கொடுத்தோம். அரங்க வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் அவருடைய மனைவி தன் கையிலிருந்து கொடுத்தார். அறக்கட்டளைப் பணத்தில் ஒரு ரூபாயும் விழாவுக்குப் போகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே நாங்கள் நம்பினோம்.

இரண்டாம் ஆண்டு விழாவில் சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், ஒரு மாணவனின் தாய், மறைந்தவரின் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். "அம்மா, நல்ல நேரத்துல குடுத்தீங்க. நாளைக்கே போயி கம்மல மீட்டுருவேன்" என்றார். எப்போது அடகு வைத்தது என்று மறைந்தவரின் மனைவி கேட்டார். ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது, 10,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி. ஏழு மாதத்துக்கு 1,400 ரூபாய். நாங்கள் மேடையில் கொடுத்த பத்தாயிரத்தில் 8,600 ரூபாய்தான் அந்தப் பையனின் படிப்புக்குச் சேர்ந்தது. மீதி அடகுக் கடைக்குப் போனது.

அன்று மாலை எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. பில் மூன்று மாதம் தாமதமானால் ஒப்பந்தக்காரர் எந்த வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காக எத்தனையோ கூட்டங்களில் நாங்களே வாதாடியிருக்கிறோம். அதே கண்ணால் எங்கள் சொந்த அறக்கட்டளையின் காலண்டரைப் பார்க்கவில்லை. மாணவனுக்குப் பணம் வேண்டிய மாதம் ஜூன். நாங்கள் கொடுத்த மாதம் ஜனவரி. இரண்டுக்கும் இடையில் இருந்தது எங்கள் துக்கத்தின் தேதி.

செலவை அளந்தது

அதன்பின் அந்த 17 பேரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, எந்த மாதம் எதற்கு எவ்வளவு செலவானது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொன்னோம். கடன் என்றால் யாரிடம், எந்த வட்டிக்கு என்றும் குறிக்கச் சொன்னோம். சிலர் ஒழுங்காக எழுதினார்கள். சிலர் பாதியில் விட்டார்கள். எழுதியவற்றைப் படித்தபோது, நாங்கள் எண்ணியிருந்ததும் உள்ளதும் வேறு என்று தெரிந்தது.

கல்லூரிக் கட்டணமே பெரும் சுமை என்று நினைத்திருந்தோம். அரசு பாலிடெக்னிக்கில் படிப்பவர்களுக்கு அது சுமையே இல்லை. கலந்தாய்வு வழியாக பி.இ. சேர்ந்தவர்களில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் இடத்தில் நாங்களும் போய் நின்றோம். அரசின் கை எட்டாத இடங்கள் வேறாக இருந்தன. விடுதி முன்பணம், தேர்வுக் கட்டணம், பழைய லேப்டாப் ஒன்றின் தவணை ஆகியவை ஒரு பக்கம். அவை ஜூனிலும் டிசம்பரிலும் மொத்தமாக வந்து விழும். இன்னொரு பக்கம், படிப்பின் முடிவில் வரும் பயிற்சி மாதங்கள். அவற்றில் சம்பளம் இல்லை. செலவு மட்டும் உண்டு. வியாசர்பாடியிலிருந்து சிறுசேரியில் உள்ள சைட்டுக்குத் தினமும் போய் வருபவன் காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையை நான்கு பேராகப் பகிர்ந்துகொண்டார்கள். ஊரில் அப்பா அனுப்ப முடியாத மாதம், பயிற்சி அத்தோடு நின்றது.

ஒருவனின் நோட்டில் இருந்த ஒரு வரி என் மனத்தை விட்டு அகலவில்லை. 'ஷூ இல்லை. 6 நாள் போகல.' பாதுகாப்புக் காலணி இல்லாதவரை உள்ளே விடக்கூடாது என்பது சைட் விதி. அது நியாயமான விதியும்கூட. அவன் முதல் நாள் செருப்போடு போயிருக்கிறான். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆறு நாளில் அங்கே அடித்தளத்துக் கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கான்கிரீட்டுக்குள் போன கம்பியை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது. மி.மீ. கணக்கில் கம்பியின் குறுக்களவை (விட்டத்தை) வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வகுப்பில் கற்றிருப்பான், 16 மி.மீ. கம்பி 1.58 கிலோ என்று மனப்பாடமாகவும் சொல்வான். கட்டிய கம்பியைக் கண்ணால் பார்த்து, மேல்படியும் நீளத்தை அளந்து, எண்ணிக் குறிக்கும் வாய்ப்பை ஒரு ஜோடி காலணி தடுத்துவிட்டது.

மாற்றிய திட்டம்

மூன்றாம் ஆண்டில் 17 பேர் என்பதை 5 பேர் என்று குறைத்தோம். ஆளுக்கு 30,000 ரூபாய்: ஜூன் இரண்டாம் வாரத்தில் 12,000, டிசம்பரில் தேர்வுக் காலத்தில் 6,000, ஆறு மாதப் பயிற்சியில் மாதம் 2,000 வீதம் 12,000. ஐந்து பேருக்கு 1,50,000 ஆகிறது. 85 விழுக்காட்டு வரம்புக்குச் சற்று மேல். மீதி 25,000 ரூபாயில் தணிக்கைச் செலவு போக, ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், 5 மீட்டர் டேப், 30 மீட்டர் டேப், ஒரு நல்ல கால்குலேட்டர்.

இந்தக் குறைப்பு எளிதில் நடக்கவில்லை. "பன்னிரண்டு பிள்ளைங்கள வேண்டாம்னு சொல்ல நாம யாரு?" என்று மூத்த அறங்காவலர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இப்போதும் இல்லை. பதினேழு பேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தபோது ஒருவருக்கும் பயிற்சி மாதங்கள் கைகூடவில்லை என்பது மட்டும் கண்ணெதிரே தெரிந்தது. என் மதிப்பீட்டில் ஐந்து பேர் என்பது சரி. ஆனால் விடுபட்டவர்களுக்கு ஒரு வரிக் கடிதமாவது காரணத்தோடு எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம், எழுதியும் வருகிறோம்.

எல்லாவற்றிலும் கடினமான முடிவை எடுத்தவர் மறைந்தவரின் மனைவி. பணம் ஜூனில் போக வேண்டுமென்றால் நினைவு நாள் விழாவில் காசோலை கொடுக்க ஒன்றும் இருக்காது. மேடையும் கைதட்டலும் இருக்காது. அவருக்கு அந்த நாள் எவ்வளவு பெரிது என்று எங்களுக்குத் தெரியும் என்பதால், அதைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. அவரே கூட்டத்தில் சொன்னார்: "தை மாசம் நான் வீட்டுல வெளக்கேத்திக்கிறேன். பணம் ஜூன்ல போகட்டும்." அந்த ஆண்டு முதல் அரங்கம் எடுப்பதில்லை. பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

தேர்வு முறை

75 விழுக்காடு என்ற வரம்பை நீக்கிவிட்டு, வருமானச் சான்றும் ஒரு பக்க விண்ணப்பமும் பார்த்து அழைக்கும் மாணவர்களுக்கு ஓர் அளவுத் தேர்வு வைத்தோம். இடம், மேற்கு மாம்பலத்தில் மறைந்தவரின் வீட்டு மாடி அறை. ஒரு சுவர்: நீளம் 4.50 மீட்டர், உயரம் 3.00 மீட்டர். அதில் ஒரு ஜன்னல்: 1.20க்கு 1.50. டேப்பைக் கையில் கொடுத்து, இந்தச் சுவரின் இரு பக்கப் பூச்சை அளந்து எழுதச் சொல்வோம். அரை மணி நேரம்.

பார்ப்பதற்கு இது பள்ளிக் கணக்கு. ஒரு பக்கம் 13.50 சதுர மீட்டர், இரு பக்கம் 27.00. ஜன்னல் 1.80. எதைக் கழிப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200இன் பன்னிரண்டாம் பாகத்தின்படி, 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புகளுக்குக் கழிவே இல்லை, 0.5க்கு மேல் 3 வரை, இரு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், ஜன்னலின் ஓரங்களுக்குத் தனியாகக் கூட்டக்கூடாது. 3க்கு மேல் போனால் இரு பக்கமும் கழித்து ஓரங்களைக் கூட்ட வேண்டும். ஆகவே விடை 25.20. நல்ல மதிப்பெண் பெற்றிருந்த ஒரு மாணவர் இரு பக்கமும் கழித்து 23.40 என்று எழுதினார். விதியை அறியாதவருக்கு அதுவே நேர்மையான கணக்காகத் தோன்றும். ஆனால் ஓரங்களைப் பூச ஆகும் கூலியையும் கலவையையும் ஈடுகட்டத்தான் ஒரு பக்கம் கழிக்காமல் விடப்படுகிறது. இரு பக்கமும் கழித்தால் பூசியவரின் கூலியில் கை வைத்ததாகிவிடும்.

அன்று வடசென்னைப் பாலிடெக்னிக் ஒன்றிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தார். மதிப்பெண் 62 விழுக்காடு. பழைய விதியில் அவருடைய விண்ணப்பத்தைப் பிரித்திருக்கவே மாட்டோம். சுவரை அளப்பதற்கு முன் அவர் ஜன்னல் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "சார், வெளிய வேற பூச்சா? உள்ள 12 எம்.எம்., வெளிய 20 எம்.எம். மாதிரி இருக்கு" என்றார். ஆமாம் என்றேன். உடனே ஜன்னல் சட்டத்துக்கும் சுவர் முகத்துக்கும் இடையில் உள்ள ஓரத்தை இரு பக்கமும் அளந்தார். உள்ளே 3 செ.மீ., வெளியே 10 செ.மீ. பூச்சுகள் வேறாக இருந்தால், ஓரம் குறைவாக உள்ள பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும் என்பது விதி. உள்பக்கம் 11.70, வெளிப்பக்கம் 13.50 என்று இரண்டு இனங்களாகப் பிரித்து எழுதினார். கூட்டினால் அதே 25.20தான். ஆனால் இரண்டுக்கும் விலை வேறு என்பதால் பில்லில் தொகை மாறும். அந்தச் சுவரைத் தேர்வுக்குத் தேர்ந்தெடுத்த நாங்களே வெளிப்பூச்சு வேறு என்பதைக் கேள்வியில் சேர்க்க நினைத்திருக்கவில்லை.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அப்பா பூச்சு வேலை செய்யும் கொத்தனார் என்றும், மேஸ்திரி ஜன்னலுக்கு இரு பக்கமும் கழித்துக் கூலியைக் குறைக்கும்போது வீட்டில் தகராறு நடக்கும் என்றும், அதனால் ஐந்தாம் பருவத்தில் இந்தப் பாடம் வந்தபோது அதை மட்டும் பலமுறை படித்ததாகவும் சொன்னார். அவரையும் தேர்ந்தெடுத்தோம்; 23.40 என்று எழுதிய மாணவரையும் தேர்ந்தெடுத்தோம். பின்னவர், தவறு எங்கே என்று சொன்னதும் மறுபேச்சின்றித் தன் தாளில் அதை அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்திட்டார். எம் புக்கில் திருத்தும் முறை அதுதான். அழிக்கக்கூடாது, அடித்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வழக்கம் அவருக்கு எப்படியோ படிந்திருந்தது.

பயிற்சி மாதங்களில் நடந்தவை

திட்டத்தின் நடுவே நிற்பது ஆறு மாதப் பயிற்சி. மறைந்தவரிடம் தொழில் கற்றவர்கள் சென்னையின் ஒப்பந்த நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் பில்லிங் பிரிவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு மாணவரை ஏற்றுக்கொண்டனர். இரண்டாம் கட்ட மெட்ரோ மட்டுமே 118.9 கி.மீ. நீளத்துக்கு நடக்கும் ஊரில், அளவெடுப்பவருக்கு வேலை இல்லை என்ற நிலை இல்லை; கற்றுக்கொடுப்பவரின் நேரம்தான் கிடைப்பதில்லை. சிங்கப்பூர் அன்பர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காணொளி வழியாக வகுப்பெடுத்தார். வளைகுடாவில் பல ஒப்பந்தங்கள் லண்டனில் 1868இல் தோன்றிய ராயல் சர்வேயர் கழகம் 1979இல் வெளியிட்ட பன்னாட்டு அளவு விதிகளைப் பின்பற்றுகின்றன. இந்திய விதிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடுகளை ஒரே வரைபடத்தில் இரு முறையிலும் அளக்கச் செய்து காட்டினார்.

பயிற்சியில் இரண்டு தவறுகள் நேர்ந்தன. ஓர் அலுவலகத்தில் மாணவரைச் சைட்டுக்கே அனுப்பாமல் இரண்டு மாதம் கோப்புகளை ஸ்கேன் செய்ய வைத்தார்கள். மாதாந்தரப் படிவத்தில் 'வருகை திருப்தி' என்று கையெழுத்து வந்துகொண்டிருந்தது. நாங்களும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம். வருகையைக் கேட்டோமே தவிர அளவைக் கேட்கவில்லை. இப்போது மாதத்துக்குக் குறைந்தது பத்துப் பக்கம் மாணவரே தன் கையால் எடுத்த அளவுகளின் நகலை அனுப்ப வேண்டும். அதில் ஏதேனும் ஓர் இனத்தை வழிகாட்டி மறுபடி அளந்து சரிபார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. இரண்டாம் மாதத்தில் ஒரு மாணவரின் தந்தை படுக்கையில் விழுந்தார். மாணவர் பயிற்சியை விட்டுவிட்டு, வேறு சைட்டில் சூப்பர்வைசராகச் சம்பளத்துக்குப் போனார். பயிற்சி இல்லையேல் தொகை இல்லை என்ற விதியைச் சொல்லி மீதி 8,000 ரூபாயை நிறுத்தச் சொன்னது நான். விதிப்படி அது சரி. ஆனால் அந்த வீட்டுக்கு மிகவும் பணம் தேவைப்பட்ட மாதத்தில் நிறுத்தினோம். பணத்தை ஜூனுக்கு மாற்றியதன் காரணத்தையே நான் மறந்துவிட்டேன். அடுத்த ஆண்டு விதியில், குடும்ப நெருக்கடியில் பயிற்சியை ஒத்திவைக்கலாம், தொகை ஓராண்டு காத்திருக்கும், அதில் பாதியை உடனே பெறலாம் என்று சேர்த்தோம். அந்த மாணவருக்கும் பின்னோக்கி அதைப் பொருத்திக் கொடுக்க முன்வந்தோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். அவரை நேரில் போய்ப் பார்த்தேன்; பூந்தமல்லிக்கு அருகே ஒரு சைட்டில், செங்கல் லாரி இறக்குவதை எண்ணிக்கொண்டிருந்தார். பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. வழிகாட்டியிடம் சனிக்கிழமைகளில் வந்து உட்காரலாமா என்று மட்டும் கேட்டார். வந்துகொண்டிருக்கிறார்.

பெற்ற தொகையைப் பின்னால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கலாம் என்ற யோசனை இருமுறை வந்தது, இருமுறையும் ஏற்கவில்லை. கையெழுத்து வாங்கினால் அது கடன். கடன் வாங்கப் பயந்துதான் இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் பயிற்சியைக் கைவிடுகிறார்கள்.

இப்போதைய நிலை

இதை எழுதும் வேளையில் நான்காம் தொகுதி மாணவர்களின் விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்து, குறைந்த வட்டிக்குப் புதுப்பிக்கப்பட்டதால் இவ்வாண்டு ஐந்து பேரா, நான்கு பேரா என்ற கேள்வி எழுந்தது. வளைகுடாவில் உள்ளவர்கள் ஒரு மாணவரின் தொகையை ஏற்றுக்கொண்டதால் ஐந்து என்றே நிற்கிறது. இது ஆண்டுதோறும் நிகழும் என்று நம்பித் திட்டமிட முடியாது. மூலநிதியைக் கூட்டும் வழியைத் தேட வேண்டியிருக்கிறது.

கொடுப்பனவுப் பதிவேட்டை மறைந்தவரின் மனைவியே எழுதுகிறார். கணவர் விட்டுச்சென்ற எழுதப்படாத எம் புக் ஒன்றைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறார். எண், நீளம், அகலம், ஆழம், அளவு என்று அச்சிட்ட பத்திகளின் மேல் பென்சிலால் மாணவர், மாதம், தவணை, தொகை, கையெழுத்து என்று எழுதி வைத்திருக்கிறார். எழுத மனம் வராததாலோ என்னவோ, நிறுத்திய அந்த 8,000 ரூபாய்க்கான வரியில் தொகை எழுதும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அதை அடிக்கவும் இல்லை. அந்த மாணவர் என்றாவது வாங்கிக்கொள்வார் என்று அப்படியே விட்டு வைத்திருக்கிறார்.